எலும்பை மூலமாகக் கொண்ட உடற்கூற்றறிஞர்: ஆந்திரேயாஸ் வெசாலியஸின் வாழ்வும் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மனித உடற்கூற்றியலுக்குப் புதிய அடித்தளம் இட்டவர் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் (1514–1564). கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைக் கற்பதிலும் பதிப்பிப்பதிலும் தொடங்கிய அவரது புலமை, மண்டையோடு, முதுகெலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றின் அடையாளங்களைக் கையாலும் கண்ணாலும் அறியும் பயிற்சியினால் அந்நூல்களையே சோதிக்கும் நிலையை எய்தியது. நூலுக்கும் எலும்புக்கும் இடையே எழுந்த அம்முரண்பாட்டை மையமாகக் கொண்டு அவரது வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வெசாலியஸ், கேலன், எலும்பியல், மூலபாடம், கலைச்சொல்

முன்னுரை

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலனின் நூல்கள் ஏறத்தாழ 1300 ஆண்டுகள் மருத்துவக் கல்வியின் முதன்மைச் சான்றுகளாக விளங்கின. மனித உடலை அறுத்தாய்வதற்கு அவர் காலத்து உரோமில் வாய்ப்பில்லை. ஆகவே குரங்கு, பன்றி, எருது முதலிய விலங்குகளின் உடல்களை ஆய்ந்தே அவர் பெரும்பாலும் எழுதினார். பிற்காலத்தார் அதனை மனித உடலின் விளக்கமாகவே பயின்றனர். பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலை வாசிக்க, கீழே நாவிதர் உடலை அறுப்பதே பல்கலைக்கழக வழக்கமாயிற்று. மூலத்தைக் காணாது உரையை மட்டும் கற்கும் நிலைக்கு இதனை ஒப்பிடலாம். எனினும், மனித எலும்புகளை நேரில் கண்டு பழகவேண்டும் என்றும் அதற்காக அலெக்சாந்திரியா வரை செல்லலாம் என்றும் கேலனே மாணவர்க்கு அறிவுறுத்தியிருந்தார். அவ்வறிவுரையை முழுமையாகப் பின்பற்றியவரே கேலனின் பிழைகளைக் கண்டறிந்தார்.

இளமையும் கல்வியும்

வெசாலியஸ் 1514 டிசம்பர் 31 அன்று பிரசெல்ஸ் நகரில் பிறந்தார். முன்னோர் பல தலைமுறை மருத்துவர்கள். தந்தை பேரரசர் ஐந்தாம் சார்லசின் மருந்தாளுநர். லூவேன் நகரில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றபின், 1533இல் மருத்துவம் பயிலப் பாரிசுக்குச் சென்றார். அங்கு அவருக்கு ஆசிரியர்களாக அமைந்த யாக்கோபஸ் சில்வியசும் ஆண்டர்நாக் ஊரினரான குந்தரும் கேலனின் நூல்களில் ஆழ்ந்த புலமையுடையோர்.

நூற்கல்வியால் மட்டும் நிறைவடையாத வெசாலியஸ், பாரிசின் மாசற்றோர் இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளை நாள்தோறும் ஆராயலானார். பயிற்சி முதிர்ந்தபோது, கண்களைக் கட்டிக்கொண்டு, கையில் தரப்படும் எலும்பு எதுவெனத் தொட்டே கூறும் பந்தயத்தைத் தோழர்களுடன் நடத்தினார். அரைமணி நேரம் மாறிமாறிக் கொடுத்தும் அவரால் அடையாளம் காண முடியாத எலும்பு ஒன்றும் இருக்கவில்லை என்று அவரே பின்னர் பதிவு செய்துள்ளார்.

இப்பயிற்சியின் நுட்பத்தை எலும்புகளின் அமைப்பைக் கொண்டு உணரலாம். முள்ளெலும்புகள் மேற்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும், கழுத்துப் பகுதியினவற்றிற்குப் பக்கநீட்சிகளில் துளை உண்டு. மார்புப் பகுதியினவற்றின் பக்கங்களில் விலா எலும்பு வந்து பொருந்தும் வழவழப்பான பரப்புகள் உண்டு. இவ்விரண்டும் இன்றிப் பருத்த உடலுடன் இருப்பவை இடுப்புப் பகுதியின. கழுத்தின் முதல் எலும்பு உடற்பகுதி இல்லாத வளையமாகும். இரண்டாவதில் பல்போன்ற முளை மேலெழும். விலா எலும்பின் தலை முதுகுப்புறமும், உட்பரப்பின் பள்ளம் கீழ்விளிம்பிலும் அமைவதால் அது வலப்பக்கத்ததா இடப்பக்கத்ததா என்பது விளங்கும். விரல்நுனி இவற்றை அறிந்துவிட்டால், நூலில் இல்லாததை எலும்பிலும் எலும்பில் இல்லாததை நூலிலும் கண்டுகொள்ளும் தகுதி உண்டாகிறது.

1536இல் மூண்ட போரினால் பாரிசைவிட்டு லூவேனுக்குத் திரும்பினார். நகருக்கு வெளியே தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடல், பறவைகள் தசையைத் தின்றுவிட, தசைநார்களால் மட்டும் இணைந்து தொங்கியதைக் கண்டார். உடன்சென்ற கெம்மா ஃபிரிசியஸின் துணையுடன் கை கால் எலும்புகளைக் கொண்டுவந்தார். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மார்புக்கூட்டை இரவில் மரத்தின் மேலேறி எடுத்தார். குறைந்த சில எலும்புகளை வேறிடத்துப் பெற்று முழு எலும்புக்கூட்டை அமைத்து, அது பாரிசிலிருந்து வந்தது எனக் கூறிவந்தார். முழுமையான மனித எலும்புக்கூடு அக்காலத்தில் எத்துணை அரியது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

பதுவாவும் நான்மொழிப் பெயர்களும்

1537 டிசம்பரில் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற வெசாலியஸ், 23 வயது நிறைவதற்கு முன்பே அங்கு அறுவை மருத்துவ ஆசிரியராக அமர்த்தப்பட்டார். உயர்ந்த இருக்கையை விட்டிறங்கித் தம் கையாலேயே உடலை அறுத்துக்காட்டினார். 1538இல் ஆறு உடற்கூற்றுப் படத்தாள்களை வெளியிட்டார். அவற்றுள் எலும்புக்கூட்டை மூன்று நிலைகளில் காட்டும் படங்களை வரைந்தவர் யான் ஸ்டீபன் வான் கல்கார். உறுப்புகளின் பெயர்கள் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு என நான்கு மொழிமரபுகளிலிருந்தும் தொகுக்கப்பட்டிருந்தன.

அத்தாள்களில் ஈரலுக்கு ஐந்து மடல்கள் காட்டப்பட்டன. மூளையின் அடியில் வியத்தகு வலை எனப்பட்ட குருதிக்குழாய்ப் பின்னலும் இடம்பெற்றது. இவை விலங்குகளில் காணப்படுவன. மனித உடலுக்குரியன அல்ல. எலும்பைத் தொட்டறியும் திறன் பெற்ற பின்னரும், பிற உறுப்புகளில் நூல்வழக்கின் பிடியிலிருந்து அவர் விடுபடவில்லை. பெயர் பல மொழிகளில் வழங்குவது பொருளின் இருப்புக்குச் சான்றாகாது என்பதை இப்படத்தாள்கள் காட்டுகின்றன.

பொலோனாவில் இரு எலும்புக்கூடுகள்

1540இல் பொலோனா பல்கலைக்கழகத்தில் செய்முறை விளக்கம் அளிக்க அழைக்கப்பட்ட வெசாலியஸ், ஒரு மனித எலும்புக்கூட்டையும் ஒரு குரங்கின் எலும்புக்கூட்டையும் கோத்து அமைத்தார். முள்ளெலும்புகளைப் பற்றிக் கேலன் எழுதிய பகுதியில் ஒரு நீட்சி விளக்கப்பட்டிருந்தது. அது குரங்கின் இடுப்பு முள்ளெலும்பில் தெளிவாக இருந்தது. மனித முள்ளெலும்பில் அவ்வாறு இல்லை. கேலன் விவரித்தது மனிதனை அன்று, குரங்கை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அதுவரை தனித்தனிப் பிழைகளாகத் தோன்றியவை அனைத்திற்கும் இவ்வொரு காரணம் விடையளித்தது. கேலன் கண்டதைப் பிழைபட எழுதவில்லை. அவர் கண்ட உடலே வேறு. அடுத்த ஆண்டில் வெனிசில் அச்சான கேலன் நூல்தொகுதியின் சில பகுதிகளை வெசாலியஸே திருத்தித் தந்தார் என்பது, மறுத்தவரை அவர் தொடர்ந்து கற்றுவந்தமையைக் காட்டும்.

1543ஆம் ஆண்டு நூல்

மனித உடலின் கட்டமைப்பைப் பற்றி ஏழு பகுதிகளாக வெசாலியஸ் எழுதிய இலத்தீன் பெருநூல் 1543இல் பாசெல் நகரில் யொகான்னஸ் ஒப்போரினஸ் அச்சகத்தில் வெளிவந்தது. படங்களுக்கான மரக்கட்டைகள் வெனிசிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து கொண்டுசெல்லப்பட்டன. முதற்பகுதி எலும்புகளுக்கும் குருத்தெலும்புகளுக்கும் உரியது. ஏனைய உறுப்புகளைத் தாங்குவது எலும்பாதலின் கல்வி அதிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. படங்களில் ஒவ்வொரு துளைக்கும் நீட்சிக்கும் எழுத்துக்குறி இட்டு, அக்குறியை விளக்கத்துடன் இணைத்தார். கற்பவர் படத்தையும் சொல்லையும் ஒப்பிட்டுத் தாமே சரிபார்க்க இம்முறை வழிவகுத்தது.

எலும்பியலில் அவர் செய்த திருத்தங்கள் குறிப்பிடத்தக்கவை. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்னும் கருத்தை மறுத்து, வளர்ந்த மனிதரில் அது ஒரே எலும்பு என்றார். மார்பெலும்பு ஏழு பகுதிகளை உடையது என்பதை மறுத்து மூன்று எனக் காட்டினார். விலா எலும்புகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பக்கத்திற்குப் பன்னிரண்டே என்றார். ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் படைக்கப்பட்டதால் ஆணுக்கு ஒரு விலா குறைவு எனப் பரவலாக நம்பப்பட்ட காலம் அது. மேல்தாடையில் கேலன் கூறிய பொருத்துவாய் நாய்க்குரியது என்பதை விளக்க, நாயின் மண்டையோட்டின் மேல் மனித மண்டையோட்டை வைத்த படம் ஒன்றையும் சேர்த்தார்.

நூல் அச்சாகிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பாசெலில் தண்டிக்கப்பட்டு இறந்த ஒருவரின் உடலைப் பொதுமக்கள் முன் ஆய்ந்து, எலும்புக்கூட்டைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அது இன்றும் அங்குள்ள உடற்கூற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

எதிர்ப்பும் இறுதிக்காலமும்

கடும் எதிர்ப்பு அவருடைய ஆசிரியரிடமிருந்தே வந்தது. சில்வியஸ் 1551இல் வெளியிட்ட கண்டன நூலில், மாணவரின் பெயரைத் திரித்து அவரைப் பித்தர் எனச் சுட்டினார். கேலன் தவறவில்லை, அவர் காலத்திற்குப் பின் மனித உடலே மாறிவிட்டது என்பது அவர் தரப்பு வாதமாயிற்று. ஏட்டின் பாடத்தைக் காக்க மூலத்தையே மாறியதாகக் கொள்ளும் வாதம் இது. வெசாலியஸோ அதற்கு முன்பே பதுவாவை விட்டகன்று பேரரசரின் அவை மருத்துவராகியிருந்தார். அப்பணியில் சேரும் வேளையில், கேலன் நூல்களுக்குத் தாம் எழுதிவைத்திருந்த குறிப்புகள் உள்ளிட்ட கையெழுத்துப் படிகளை எரித்துவிட்டார். அதற்காகப் பின்னர் வருந்தினார். எனினும் பெருநூலின் திருத்திய பதிப்பை 1555இல் வெளியிட்டார்.

அவையில் அவருக்குச் சிகிச்சைப் பணியே மிகுந்தது. 1559இல் ஈட்டிப்போட்டியில் தலையில் காயமுற்ற பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியைக் காண அழைக்கப்பட்டார், மன்னர் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் இரண்டாம் பிலிப்பின் அவையுடன் ஸ்பெயினுக்குச் சென்றார். 1564இல் எருசலேமுக்குப் பயணம் மேற்கொண்டு, திரும்பும் வழியில் கிரேக்கத்தின் சாக்கிந்தோஸ் தீவில் இறந்தார். அவரது கல்லறை இன்று அடையாளம் காணப்படாத நிலையில் உள்ளது.

முடிவுரை

வெசாலியஸின் பணி பழைய நூலைப் புறக்கணித்ததால் விளைந்ததன்று. கேலனை வரிவரியாகக் கற்றதனாலேயே முள்ளெலும்பின் ஒரு நீட்சி பொருந்தாமையை அவரால் காணமுடிந்தது. எலும்பை முதலாகக் கொண்ட பாடவரிசை பிற்கால நூல்களிலும் தொடர்ந்தது. அவ்வாறு எலும்பியலில் தொடங்கும் கிரேயின் உடற்கூற்று நூல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேற்கொண்ட முயற்சியால் 1872இல் மனுஷ அங்காதிபாதம் எனத் தமிழில் வெளிவந்தது. மருத்துவக் கலைச்சொற்களை ஆராய்வோர் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவதோடு நில்லாது, அச்சொல் சுட்டும் துளையையும் நீட்சியையும் எலும்பில் கண்டு உறுதிசெய்தல் வேண்டும் என்பதே வெசாலியஸின் வாழ்வு உணர்த்தும் ஆய்வுநெறியாகும்.