பாதமலை கண்ட பயணி

பருவகாலத்தில் சனநெருக்கடியோடு சிவனொளிபாதமலை ஏறியிருப்பீர்கள். மொரோக்கோவில் 1304இல் பிறந்த இபின் பதூதா, 1344இல் காட்டுவழியே அங்கு சென்றார். புத்தளத்தில் அவரை வரவேற்ற யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி முத்துகளை அளித்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். ஆதாமின் பாதச்சுவட்டைக் காண வழி ஒன்றையே அவர் கேட்டார். மன்னர் பல்லக்கும், நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் துணையாகத் தந்தார். முஸ்லிம் பயணிக்கு இந்துக்கள் வழிகாட்டினர்!

காட்டில் அட்டைகள் கடித்தன. எலுமிச்சைச்சாறு பிழிந்து உதிர்த்தனர். குரங்குக் கூட்டங்களையும் மாணிக்கம் விளையும் மண்ணையும் அவர் கூர்ந்து கவனித்தார். ஸ்பெயினின் கிரனாடாவையும் கண்டு திரும்பியபின், 1355இல் யாவற்றையும் சொல்லி எழுதுவித்தார்.

எஹலியகொட மாணிக்கக் குழிகளருகே வாழும் நீங்களும், அடுத்தமுறை மலையேறுகையில் சற்று நின்று பாருங்கள். கைகொடுப்பவர் எச்சமயத்தவர் என்று மட்டும் கேளாதீர்கள்.