காட்ஃபிரீட் ஃபுக்ஸ் - ஒரே ஆட்டத்தில் பத்து கோல்

ஒரு பக்கம் மிக வலுவாகவும் மறு பக்கம் மிக நலிந்தும் இருக்கும் ஆட்டத்தில், வென்றுகொண்டிருப்பவர் எவ்வளவு தூரம் போகலாம்? எட்டு கோல் முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவதை அடிக்கலாமா? அடித்தால் துள்ளிக் குதிக்கலாமா? விளையாட்டு உலகில் அடிக்கடி எழும் கேள்வி இது. இக்கேள்வியோடு என்றும் சேர்த்து நினைக்கப்பட வேண்டிய பெயர் காட்ஃபிரீட் ஃபுக்ஸ். ஆனால் அவர் வாழ்க்கையை முழுதும் படித்தால், கேள்வியே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

ஃபுக்ஸ் 1889ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள கார்ல்ஸ்ரூஹே நகரில் பிறந்தார். மரவணிகம் செய்துவந்த யூதக் குடும்பம். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் ஃபுக்ஸ் கட்டடக் கலைஞர், இசையமைப்பாளரும்கூட. அந்நாளில் ஜெர்மானியக் கால்பந்தின் தலைநகர் என்று கார்ல்ஸ்ரூஹேயைச் சொன்னால் மிகையாகாது. 1909இல் அந்நகரின் ஃபீனிக்ஸ் கழகமும், அடுத்த ஆண்டே கார்ல்ஸ்ரூஹே கால்பந்துக் கழகமும் தேசிய வெற்றிக் கோப்பையைக் கைப்பற்றின. இரண்டாவது கழகத்தை 1891இல் தோற்றுவித்தவர் வால்டர் பென்ஸெமான் என்ற யூத இளைஞர். ஃபுக்ஸ் ஆடியது அக்கழகத்துக்காகத்தான்.

வில்லியம் டௌன்லி என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் அக்கழகத்துக்குக் குறுகிய, தரையொட்டிய பந்துப் பரிமாற்றத்தைக் கற்றுத் தந்தார். நடுவில் ஃபுக்ஸ், அவருக்குத் துணையாக ஃபிரிட்ஸ் ஃபோர்டரர், யூலியுஸ் ஹிர்ஷ் என அமைந்த முன்கள மூவரணி நாடெங்கும் பேசப்பட்டது. ஹிர்ஷும் யூதர். 1910 இறுதியாட்டத்தில் ஹோல்ஷ்டைன் கீல் அணியைக் கூடுதல் நேரத்தில் ஒரு கோலால் வென்றார்கள். 1912இல் அதே கீல் அணியிடம் அதே ஒரு கோலில் தோற்றார்கள்.

அந்தத் தோல்விக்குச் சில வாரங்களுக்குப் பின், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிக்கு ஜெர்மனி அணியோடு ஃபுக்ஸ் சென்றார். ஜூன் 29 அன்று முதல் சுற்றிலேயே ஜெர்மனி ஆஸ்திரியாவிடம் 5-1 என்று தோற்றது. தோற்றவர்களுக்கென ஓர் ஆறுதல் தொடர் வைத்திருந்தார்கள். அதில் ஜூலை 1 அன்று ஜெர்மனியை எதிர்கொண்டது ரஷ்யா.

ரஷ்யா அந்த ஆண்டில்தான் சர்வதேசக் கால்பந்துக்குள் நுழைந்திருந்தது. முந்தைய நாள்தான் ஃபின்லாந்திடம் 2-1 என்று போராடித் தோற்றிருந்தது. களைத்த கால்களோடு மறுநாளே மீண்டும் ஆடுகளம் இறங்கியது. மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. இரண்டாம் நிமிடத்தில் ஃபுக்ஸ் முதல் கோலை அடித்தார். இடைவேளையின்போது 8-0. முதல் பாதியில் ஃபுக்ஸ் ஐந்து, இரண்டாம் பாதியில் இன்னும் ஐந்து. ஃபோர்டரர் நான்கு. முடிவில் 16-0. இன்றுவரை ஜெர்மனி அணியின் மிகப் பெரிய வெற்றி அதுவே. இரண்டு நாள் கழித்து ஹங்கேரி 3-1 என்று ஜெர்மனியை வீழ்த்தி வீட்டுக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக டென்மார்க்கின் சோஃபுஸ் நீல்சன் பத்து கோல் அடித்திருந்தார். அந்தச் சாதனையை ஃபுக்ஸ் சமன் செய்தார். இருவர் பெயரிலும் இருந்த அது 2001இல்தான் முறியடிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று வென்றபோது ஆர்ச்சி தாம்ப்சன் 13 கோல் அடித்தார்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அது வெறும் ஆறுதல் தொடர். கோல் வித்தியாசத்துக்கு அங்கே பயனில்லை, வென்றால் போதும். அப்படியிருக்க, எட்டு கோலோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். புறமுதுகிட்டு ஓடுபவர் மேல் படைக்கலம் வீசாத மறத்தைத் தழிஞ்சி என்ற துறையாகப் புறப்பொருள் வெண்பாமாலை சொல்கிறது. நம் மரபில் ஊறிய எண்ணம் அது. ஆனால் போர் வேறு, விளையாட்டு வேறு. ரஷ்யர்கள் புறமுதுகிடவில்லை, கடைசி நிமிடம்வரை நின்று ஆடினார்கள். எதிரில் நிற்பவர் ஆடும்போது நாம் ஆடாமல் பாவனை செய்வது, உன்னோடு ஆடுவதற்கு நீ தகுதியானவன் அல்ல என்று சொல்வதாகும். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி அமெரிக்காவை 24-1 என்று வென்றதையும், அதில் ரூப் சிங் பத்து கோல் அடித்ததையும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? அமெரிக்கரை அவமதித்ததாக யாரும் எண்ணுவதில்லை.

கோல் அடிப்பது ஆட்டத்தின் பகுதி. அடித்தபின் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது மனிதரின் பகுதி. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் இடைவேளைக்குள் பிரேசிலுக்கு எதிராக ஐந்து கோல் அடித்துவிட்ட ஜெர்மானியர்கள், எதிரணியைச் சிறுமைப்படுத்துவதில்லை, ஆனால் ஆட்டத்தைத் தளர்த்துவதுமில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். ஆட்டம் 7-1 என்று முடிந்தது. 2019 மகளிர் உலகக் கோப்பையில் தாய்லாந்தை 13-0 என்று வென்ற அமெரிக்கப் பெண்கள் ஒவ்வொரு கோலுக்கும் கொண்டாடியபோது எழுந்த கண்டனமும் கோல்களைப் பற்றியதல்ல, கொண்டாட்டத்தைப் பற்றியதே. தவறு எங்காவது இருந்தால் அது பெரும்பாலும் இணையில்லாதவர்களை இணைத்துவிடும் ஏற்பாட்டில் இருக்கிறது. 31-0க்குப் பிறகு ஓஷியானியாவில் சிறிய தீவுகளுக்கென முதல்நிலைத் தகுதிச் சுற்று கொண்டுவரப்பட்டது இதனால்தான்.

மீண்டும் ஃபுக்ஸ். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றி நான்கு முறை காயமுற்றார்; இரும்புச் சிலுவை விருது பெற்றார். போருக்குப் பின் குடும்ப வணிகத்தைக் கவனித்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே தென் ஜெர்மனியின் முன்னணிக் கழகங்கள் யூதர்களை விலக்க ஆயத்தம் என்று அறிவித்தன. அவற்றுள் கார்ல்ஸ்ரூஹே கழகமும் ஒன்று. அச்செய்தியை நாளிதழில் படித்த ஹிர்ஷ், தன் கழகத்துக்குத் தானே விலகல் கடிதம் எழுதினார். 1937இல் ஃபுக்ஸ் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து பிரான்ஸ், பின்னர் 1940இல் கனடா. மான்ட்ரியாலில் காட்ஃப்ரி ஃபாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். அண்ணன் ரிச்சர்ட் நியூசிலாந்து போய்ச் சேர்ந்தார். ஹிர்ஷ் போகவில்லை. 1943 மார்ச் 1 அன்று கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்; திரும்பவில்லை.

1939இல் கிக்கர் இதழ் ஜெர்மனிக்காக ஆடிய அனைவரின் படத்தொகுப்பை வெளியிட்டது. அதில் இரண்டு பேர் மட்டும் இல்லை: ஃபுக்ஸ், ஹிர்ஷ். கிக்கர் இதழை 1920இல் நிறுவியவர் அதே வால்டர் பென்ஸெமான்தான் என்பதும், அவர் 1934இல் சுவிட்சர்லாந்தில் அகதியாக இறந்தார் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை.

போருக்குப் பின் ஃபுக்ஸை மறக்காத ஒருவர் இருந்தார். 1954இல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர். சிறுவயதில் அவருக்கு ஃபுக்ஸ்தான் நாயகன். 1972இல் மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் திறப்பாட்டம் சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக நடக்கவிருந்தது. அன்று ரஷ்யாவுக்கு எதிராகப் பத்து கோல் அடித்தவரைக் கூட்டமைப்பின் செலவில் சிறப்பு விருந்தினராக அழைக்க வேண்டும் என்று ஹெர்பெர்கர் எழுதினார். ஜெர்மானியக் கால்பந்துக் கூட்டமைப்பு மறுத்துவிட்டது. ஒருவரை அழைத்தால் அது முன்னுதாரணமாகிவிடும், செலவும் கட்டுப்படியாகாது என்பது காரணம். மறுப்புக் கடிதம் எழுதப்பட்டது மார்ச் மாதத்தில். ஃபுக்ஸ் பிப்ரவரி 25 அன்றே மான்ட்ரியாலில் காலமாகிவிட்டிருந்தார். மே 26 அன்று நடந்த ஆட்டத்தில் ஜெர்மனி 4-1 என்று வென்றது. நான்கு கோலையும் அடித்தவர் கெர்ட் முல்லர்.

2005 முதல் அதே கூட்டமைப்பு, பாகுபாட்டுக்கும் யூத வெறுப்புக்கும் எதிராக உழைப்பவர்களுக்கு யூலியுஸ் ஹிர்ஷ் பரிசு வழங்கிவருகிறது. கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு சதுக்கத்துக்கு ஃபுக்ஸின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

பதினாறு கோல் வாங்கிய ரஷ்யர்களின் பெயர்கள் அந்த நாளின் பதிவில் அப்படியே இருக்கின்றன. தோற்றவர்களை அந்த ஆட்டம் அழித்துவிடவில்லை. வென்றவரின் பெயரைத்தான் அவருடைய சொந்த நாடு அழித்தது. விளையாட்டுப் பண்பு மீறப்பட்டது 1912இல் ஸ்டாக்ஹோம் புல்வெளியில் அல்ல. 1933இல், 1939இல், 1972இல், மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அதை மீறினார்கள்.