ஜோ மீக்

ஜோ மீக் (ஏப்ரல் 5, 1929 – பெப்ரவரி 3, 1967) ஆங்கிலேய ஒலிப்பதிவாளரும் இசைத்தட்டுத் தயாரிப்பாளரும் ஆவார். இலண்டனில் தாம் குடியிருந்த வாடகை வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, அங்கிருந்து உலகப் புகழ் பெற்ற பாடல்களை வெளியிட்டவர். வீட்டிலிருந்தபடி ஒலிப்பதிவு செய்வோரின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமை

இங்கிலாந்தின் குளொஸ்டர்சயர் மாவட்டத்திலுள்ள நியூவென்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பிரித்துச் சேர்ப்பதில் ஆர்வம் காட்டினார். பிரித்தானிய வான்படையில் கட்டாயச் சேவையின்போது ராடார் பிரிவில் பணியாற்றினார். 1950களில் இலண்டன் சென்று ஒலிப்பதிவுப் பொறியாளரானார். 1956இல் ஹம்ப்ரி லிட்டில்டனின் 'பேட் பென்னி புளூஸ்' இசைத்தட்டைப் பதிவு செய்தவர் இவரே.

ஒலிவாங்கிகளைப் பயன்படுத்திய முறை

அக்காலத்துப் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில், ஒலிவாங்கிகளை இசைக்கருவிகளிலிருந்து சற்றுத் தொலைவில் வைப்பதே வழக்கம். மீக் இதற்கு மாறாக ஒவ்வொரு கருவிக்கும் மிக அருகில் ஒலிவாங்கியை வைத்தார். இதனால் அறையின் ஒலி குறைந்து கருவியின் ஒலி தெளிவாகப் பதிவானது. பேஸ் கிட்டாரை, ஒலிவாங்கி இல்லாமல், மின்வடம் மூலம் நேரடியாக ஒலிக்கலவைக் கருவியுடன் இணைக்கும் முறையையும் தொடக்கத்திலேயே கையாண்டார். தேவையான எதிரொலியைப் பின்னர் தனியே சேர்த்துக்கொண்டார்.

வீட்டு ஒலிப்பதிவுக் கூடம்

1960இல் இலண்டன் ஹாலோவே சாலை 304ஆம் இலக்கத்தில், தோல் பொருட்கள் விற்கும் கடை ஒன்றின் மேல்மாடிகளை வாடகைக்கு எடுத்தார். ஓர் அறையில் இசைக்குழு வாசிக்க, மற்றோர் அறையில் கருவிகளை இயக்கினார். குளியலறை எதிரொலிக்குப் பயன்பட்டது.

இவரிடம் இரு தட ஒலிநாடாக் கருவி ஒன்றும், ஒற்றைத் தடக் கருவியும் இருந்தன. முதலில் இசைக்குழுவின் வாசிப்பு ஒரு தடத்திலும், பாடகரின் குரல் மற்றொரு தடத்திலும் பதிவாகும். பின்னர் இவ்விரண்டையும் கலந்து அடுத்த கருவிக்கு அனுப்பும்போதே புதிய இசை சேர்க்கப்படும். ஒவ்வொரு படியெடுப்பிலும் ஒலிநாடாவின் இரைச்சல் கூடும். கலந்தவற்றை மீண்டும் பிரிக்கவும் இயலாது. எனவே ஒலி அளவுகளை முன்னரே சரியாக முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இங்கு பதிவான ஜான் லேட்டனின் 'ஜானி ரிமெம்பர் மீ' 1961இல் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. 1964இல் முதலிடம் பெற்ற ஹனிகோம்ஸ் குழுவின் 'ஹேவ் ஐ த ரைட்' பாடலுக்காக, இசைக்குழுவினர் வீட்டின் மரப்படிகளில் காலால் ஓங்கி மிதித்தனர். படிக்கட்டின் கைப்பிடியில் சைக்கிள் கிளிப்புகளால் பொருத்தப்பட்ட ஒலிவாங்கிகள் அவ்வோசையைப் பதிவு செய்தன.

டெல்ஸ்டார்

1962 யூலை 10இல் டெல்ஸ்டார் தொலைத்தொடர்புச் செய்மதி ஏவப்பட்டது. அதன் பெயரில் மீக் இயற்றிய இசையை டோர்னடோஸ் குழு வாசித்தது. அதில் கிளாவியோலின் என்னும் மின்னணு விசைப்பலகை முதன்மை பெற்றது. அவ்வாண்டு திசம்பரில் இது அமெரிக்காவில் முதலிடத்தை எட்டியது. பிரித்தானிய இசைக்குழு ஒன்று அங்கு முதலிடம் பெற்றது அதுவே முதன்முறையாகும். ஆனால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் லெத்ரூ, இது தமது இசையின் நகல் என்று வழக்குத் தொடர்ந்தார். இதனால் உரிமத் தொகை முடக்கப்பட்டது. வழக்கு மீக்குக்குச் சாதகமாக முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை.

இறப்பு

தற்பாலீர்ப்பு அன்று இங்கிலாந்தில் குற்றமாக இருந்தது. 1963இல் அதன் தொடர்பில் மீக் தண்டம் செலுத்த நேர்ந்தது. கடன், மனச்சோர்வு, பிறர் தம்மை வேவு பார்க்கின்றனர் என்ற அச்சம் ஆகியவை அவரை வாட்டின. 1967 பெப்ரவரி 3 அன்று வீட்டு உரிமையாளரான வயலட் சென்டனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றபின் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அப்போது அவருக்கு அகவை 37.

மரபு

அருகில் வைக்கும் ஒலிவாங்கி, நேரடி மின்னிணைப்பு, தடம் மேல் தடமாகப் பதிதல் ஆகியவை பின்னாளில் ஒலிப்பதிவின் பொது வழக்காயின. தேயிலைப் பெட்டிகளில் அவர் விட்டுச்சென்ற ஏராளமான ஒலிநாடாக்களை 2020இல் செர்ரி ரெட் நிறுவனம் வாங்கியது. அவரது வாழ்க்கையைக் கூறும் 'டெல்ஸ்டார்' திரைப்படம் 2009இல் இங்கிலாந்துத் திரையரங்குகளில் வெளியானது.