பாம்பு விஷத்திலிருந்து பி.பி. மாத்திரை: யார் இந்த ரோஷா இ சில்வா?

வீட்டில் யாராவது ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி பி.பி. மாத்திரை சாப்பிடுறாங்களா? அதன் கதை பிரேசிலில், ஒரு பாம்பிலிருந்து தொடங்குகிறது.

ஜராராகா என்ற விரியன் பாம்பின் விஷம் ஏறினால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கிவிடலாம். ஏன்? 1910-ல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த டாக்டர் மௌரிசியோ ரோஷா இ சில்வாவைத் துரத்திய கேள்வி இது. 1948-ல் சாவோ பாலோவில் அவரும் இரண்டு சகாக்களும் நாயின் ரத்தத்தில் அந்த விஷத்தைக் கலந்தார்கள். கலவை பட்டதும் கினிப்பன்றியின் குடல் துண்டு மெதுவா, ரொம்ப மெதுவா சுருங்கியது. சுருக்கியது விஷம் இல்லை. விஷம் சேர்ந்ததும் ரத்தத்திலேயே உருவான ஒரு பெப்டைடு! ‘மெதுவான அசைவு’ என்ற பொருள் வரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதற்கு பிராடிகினின் என்று பெயர் வைத்தார்கள். ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும் சரக்கு இது.

மாத்திரை செய்தது அவர் இல்லை. அவரிடம் பயின்ற செர்ஜியோ ஃபெரைரா, பிராடிகினினைச் சிதையவிடாமல் காக்கும் பொருட்களும் அதே விஷத்தில் இருப்பதை 1965-ல் காட்டினார். அந்த வழியில் போய் அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனம் உருவாக்கியதுதான் கேப்டோப்ரில், இந்த ‘ப்ரில்’ குடும்பத்தின் மூத்த மாத்திரை. (சிலருக்கு இதனால் வரும் வறட்டு இருமலுக்கும் பிராடிகினின் மீதுதான் சந்தேகம்.)

1983-ல் ரோஷா இ சில்வா மறைந்தபோது, கேப்டோப்ரிலுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.