எர்வின் பார்ட் - கால்வாய்க்குள் தோட்டம் போட்டவர்

அலுவலக வேலையாகப் பெர்லினில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓரானியன்பிளாட்ஸ் பக்கம் சும்மா நடந்துகொண்டிருந்தேன். இரண்டு தெருக்களுக்கு நடுவில் நீளமாக ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் சுவர். படியிறங்கிப் போனால் ரோஜாச் செடிகள், பெஞ்சுகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு அம்மாக்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஒரு நீரூற்று, அதன் நடுவில் புத்தர். அதற்கும் அப்பால் ஒரு பெரிய குளம், குளத்துக்குப் பின்னால் ஒரு தேவாலயம்.

நகரத்தின் நடுவில் யாராவது இப்படிப் பள்ளம் தோண்டித் தோட்டம் வைப்பார்களா? விசாரித்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பள்ளம் தோட்டத்துக்காகத் தோண்டியது இல்லை. அது சரக்குப் படகுகள் போன ஒரு கால்வாய். அதைத் தோட்டமாக மாற்றியவர் எர்வின் பார்ட். பெர்லினின் பூங்காக்களைப் பற்றிப் பேசும் எவரும் இவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. தமிழில் இவரைப் பற்றி நான் எதுவும் படித்ததில்லை என்பதால் இந்தக் கட்டுரை.

கால்வாயின் முன்கதை

பார்ட் பிறப்பதற்கு முப்பது வருடங்களுக்கும் முன்னால் ஆரம்பிக்க வேண்டும். பிரஷ்ய மன்னரின் தோட்டக்கலை நிபுணர் பீட்டர் யோசஃப் லென்னே (1789-1866). பெர்லினின் டியர்கார்ட்டன் பூங்காவும் போட்ஸ்டாமின் அரண்மனைத் தோட்டங்களும் அவர் கைவண்ணம். லூயிசன்ஷ்டாட் என்ற புதிய நகரப்பகுதிக்கு அவர் போட்ட திட்டத்தில், ஷ்ப்ரே நதியையும் லாண்ட்வேர் கால்வாயையும் இணைக்கும் ஒரு கால்வாயும் இருந்தது. நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். கட்டுமானப் பொருள் வந்து இறங்க வேண்டும், தாழ்வான நிலத்தின் தண்ணீர் வடிய வேண்டும், கரையோரம் அழகாகவும் இருக்க வேண்டும்.

வெட்டத் தொடங்கியது 1848-இல். ஐரோப்பா முழுவதும் புரட்சி நடந்த வருடம் அது. பெர்லினில் வேலையில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரணப் பணியாகக் கால்வாய் வெட்டும் வேலை நடந்தது. அக்டோபரில் தண்ணீர் இறைக்க ஒரு நீராவி இயந்திரம் வந்தது. அது தங்கள் வேலையைப் பறித்துவிடும் என்று தொழிலாளர்கள் அதை உடைத்தார்கள். அடுத்த சில நாட்களில் நகரக் காவல் படையுடன் மோதல், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. 1852-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

சென்னைக்காரர்களுக்கு இது எங்கோ கேட்ட கதைபோல் இருக்கும். 1877-78 பஞ்சத்தில் கூலி கொடுப்பதற்காகத்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துப் பக்கிங்ஹாம் கால்வாயின் நகரப் பகுதியை வெட்டினார்கள். பசித்த மனிதர்கள் வெட்டிய கால்வாய்கள் இரண்டுமே.

பெர்லின் கால்வாய்க்கு ஒரு பிறவிக் கோளாறு இருந்தது. சரிவு மிகக் குறைவு. தண்ணீர் ஓடாமல் தேங்கியது, நாறியது. கரையோரம் பட்டறைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் பெருகின. ரயில் வந்தபின் படகுப் போக்குவரத்தும் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது யாருக்கும் வேண்டாத நீராகிவிட்டது.

லூபெக்கில் இருந்து பெர்லினுக்கு

எர்வின் பார்ட் 1880 நவம்பர் 28 அன்று லூபெக் நகரில் பிறந்தார். ஜெர்மனியின் வடக்கே உள்ள பழைய துறைமுக நகரம் அது. பழைய ஊரைச் சுற்றி நாலாபுறமும் நீர். தோட்டக்காரராகத் தொழில் பழகிய பின், போட்ஸ்டாம் அருகே இருந்த அரசுத் தோட்டக்கலைப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளி உருவாகக் காரணமாக இருந்தவர் அதே லென்னேதான். லென்னே வடிவமைத்த கால்வாயை லென்னேயின் பள்ளியில் படித்த ஒருவர் பின்னாளில் மாற்றி எழுத நேர்ந்தது.

சில வருடங்கள் லூபெக்கின் நகரத் தோட்டக்காரராக இருந்தார். அந்த ஊரின் ஃபோர்வெர்க் இடுகாடு அவர் வடிவமைத்தது. 1912-இல் ஷார்லோட்டன்பர்க் நகரின் தோட்டத்துறை இயக்குநரானார். அப்போது ஷார்லோட்டன்பர்க் தனி நகராட்சி; 1920-இல்தான் பெர்லினோடு இணைந்தது.

அன்றைய பெர்லினை நாம் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். ஐந்து மாடி வாடகைக் கட்டிடங்கள். ஒரு கட்டிடத்துக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மற்றொன்று. நடுவில் வெயில் எட்டாத சின்ன முற்றங்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம். 1920 இணைப்புக்குப் பிறகு மக்கள்தொகை சுமார் 38 லட்சம். பணக்காரர்களுக்குச் சொந்தத் தோட்டம் உண்டு, ஊருக்கு வெளியே வீடும் உண்டு. பொதுப் பூங்கா உண்மையில் யாருக்குத் தேவை? வசதியில்லாதவருக்குத்தான். பார்ட் தன் வேலை முழுவதையும் இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டினார். அதனால் அவருடைய பூங்காக்களில் புல்வெளி தள்ளி நின்று பார்ப்பதற்கு அல்ல, ஓடி விளையாடுவதற்கு. நீர்நிலை இருந்தால் குழந்தைகள் காலை நனைக்க இடம் இருக்கும். பெரியவர்கள் உட்கார நிழல் இருக்கும்.

பாழ்நிலங்களின் நண்பர்

பார்ட்டின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அவருக்குக் கிடைத்த நிலங்களில் பல, வேறு யாரும் சீந்தாத நிலங்கள்.

பிரிக்ஸ்பிளாட்ஸ் (அப்போது சாக்சன்பிளாட்ஸ்) ஒரு பழைய சரளைக்கல் குழி. மண்ணைக் கொட்டி மூடிச் சதுரமாக்கி நடுவில் ஒரு சிலை வைத்திருக்கலாம். அன்றைய வழக்கம் அதுதான். பார்ட் குழியைக் குழியாகவே விட்டார். 1919 முதல் 1922 வரை நடந்த வேலையில், பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் நிலப்பரப்பை அதற்குள் சிறிய அளவில் உருவாக்கினார். அடியில் குளம், சரிவில் அந்த மண்ணுக்குரிய மரங்களும் புதர்களும், ரூடர்ஸ்டோர்ஃப் சுரங்கத்தின் சுண்ணாம்புக் கல்லால் ஒரு பாறைச்சரிவு. ஈரமண்ணில் வளர்வது ஈரத்தில், மணலில் வளர்வது மணலில் என்று செடிகளை அவற்றின் கூட்டத்தோடு வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துப் படிக்கத் தாவரத் தோட்டமும் பக்கத்திலேயே. எந்தச் செடி எந்தச் செடியோடு எந்த மண்ணில் சேர்ந்து வாழும் என்று பார்த்து நடுவதை இன்று சூழலியல் வடிவமைப்பு என்கிறோம். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருமுன் அவர் செய்துவிட்டார்.

ரேபெர்க இன்னொன்று. மணல்மேடுகள் நிறைந்த இடம். முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்த குளிர்காலங்களில் விறகுக்காக மக்கள் மரங்களை வெட்டிவிட்டார்கள். மொட்டை மணலில் காற்றடித்தால் பக்கத்துக் குடியிருப்புகள் முழுக்கத் தூசி. 1926 முதல் 1929 வரை வேலையில்லாதவர்களைக் கொண்டு அதை மக்கள் பூங்காவாக மாற்றினார்கள். யுங்ஃபெர்ன்ஹைட பூங்காவும் 1920-களில் அவர் திட்டத்தில் எழுந்ததே. லீட்சன்சே ஏரிக்கரையின் பூங்காவும் அவருடையது. இன்று அங்கே மாலையில் நடக்கும் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

கால்வாயை மூடும் வேலை

1926-இல் பார்ட் பெருநகர் பெர்லின் முழுவதற்கும் தோட்ட இயக்குநரானார். அதே வருடம் லூயிசன்ஷ்டாட் கால்வாயை மூட முடிவாயிற்று. அருகிலேயே சுரங்க ரயில் பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள் (இன்றைய யூ-8 பாதை). தோண்டிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டும். நாறும் கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது. பொறியாளர் கணக்குக்கு இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இந்த இடத்தில்தான் பார்ட்டின் முடிவு முக்கியமானது. மண்ணைத் தெருமட்டம் வரை கொட்டிச் சமமாக்கியிருந்தால் அகலமான ஒரு சாலை கிடைத்திருக்கும். கால்வாய் இருந்த சுவடே இருந்திருக்காது. பார்ட் பாதிக்கு மட்டும் நிரப்பச் செய்தார். கால்வாயின் கரைச்சுவர்கள் தோட்டத்தின் சுவர்களாயின. தண்ணீர் இருந்த இடத்தில் தெருவுக்குக் கீழே நீளமான தோட்டம் வந்தது. காற்றும் வண்டிச் சத்தமும் மேலேயே நின்றுவிடும்.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். பழைய நிரல் ஒன்று கைக்கு வந்தால் முதலில் தோன்றுவது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்பதுதான். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. பழையதன் எலும்புக்கூட்டில் எது உறுதியானது என்று பார்த்து அதன்மேல் கட்டுவார்கள். பார்ட் செய்தது அதுதான்.

தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதியில் ரோஜா, இன்னொன்றில் என்றும் பசுமையான செடிகள், குழந்தைகளுக்கு விளையாட்டிடங்கள். நான் பார்த்த புத்தர் இருக்கும் இந்திய நீரூற்றும் இதில் ஒரு பகுதி. கால்வாய் திரும்பும் இடத்தில் இருந்த எங்கல்பெக்கன் என்ற அகன்ற குளத்தை மட்டும் நீராகவே விட்டார்கள். அதைப் பொது நீச்சல்குளமாக்க பார்ட் விரும்பினார். எதிரே இருந்த புனித மைக்கேல் தேவாலயத்தின் கத்தோலிக்கச் சபையினர் எதிர்த்தார்கள். நீச்சல்குளம் வரவில்லை, நீரூற்றுகளோடு அழகுக்குளமாக நின்றது. 1932 வாக்கில் வேலை முடிந்தது.

இதைக் குறையில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். ஓடாத நீரை ஓடவைக்க முயலாமல் மண்ணைக் கொட்டியதை இன்றைய சூழலியலாளர் கேள்வி கேட்பார். ஆனால் கால்வாயை மூடுவது நகரத்தின் முடிவு. மூடிய இடம் சாலையாவதா, ஏழைத் தெருவுக்குத் தோட்டமாவதா என்பதில்தான் பார்ட்டின் கை இருந்தது.

முடிவு

1929-இல் பார்ட் நகரப் பணியை விட்டு, பெர்லின் வேளாண்மை உயர்கல்லூரியில் தோட்ட வடிவமைப்புப் பேராசிரியரானார். ஜெர்மனியில் இந்தத் துறைக்கு உயர்கல்வி நிலையில் ஏற்பட்ட முதல் பேராசிரியர் பதவி அது. தோட்டக்காரராகத் தொடங்கியவர் அந்தத் தொழிலையே ஒரு கல்வித்துறையாக உயர்த்தினார்.

நான்கு வருடம்தான். 1933 ஜனவரியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். பார்ட்டின் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. வரைபடமும் செடியும் பார்த்தே வாழ்ந்தவருக்குக் குருடாகிவிடுவோம் என்ற பயம். வெளியே தான் வேலைசெய்த நாடு வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. 1933 ஜூலை 10 அன்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 52.

அதற்குப் பின் அவர் தோட்டத்துக்கும் நல்ல காலம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் லூயிசன்ஷ்டாட் குண்டுவீச்சில் தரைமட்டமானது. இடிபாடுகளைக் கொட்டப் பள்ளம் தேடியவர்களுக்குத் தோட்டமும் குளமும் கிடைத்தன. 1961-இல் பெர்லின் சுவர் எழுந்தபோது, பழைய கால்வாயின் வடக்குப் பகுதி கிழக்குக்கும் மேற்குக்கும் எல்லையாயிற்று. ரோஜாக்கள் இருந்த இடத்தில் எல்லைக் காவலர்கள் நடந்தார்கள்.

1989-இல் சுவர் விழுந்தது. 1990-களில் நகரத்தின் தோட்டப் பாதுகாப்புத் துறையும் அப்பகுதி மக்களும் சேர்ந்து இடத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். பல இடங்களில் கால்வாய்ச் சுவர்கள் மண்ணுக்கடியில் இருந்தன. பார்ட்டின் வரைபடங்கள் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தன. பகுதி பகுதியாகத் தோட்டம் திரும்பியது. எங்கல்பெக்கனில் மறுபடி தண்ணீர் நின்றது, பறவைகள் வந்தன. 1994-இல் டூயிஸ்பர்க் நகரில் மூடிய இரும்பாலையை இடிக்காமலே பீட்டர் லாட்ஸ் பூங்காவாக்கியபோது உலகமே வியந்தது. பழைய தொழில்நிலத்தின் உடம்பை வைத்துக்கொண்டே பசுமை சேர்ப்பது என்ற அந்த வழியில், பார்ட் அறுபது வருடம் முன்னாலேயே நடந்திருந்தார்.

பார்ட் பள்ளத்தை முழுக்க மூடியிருந்தால் 1990-களில் தோண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். அவர் விட்டுவைத்த சுவர்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மயிலாப்பூரில் பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் நின்று கீழே பார்த்தேன். பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் தூண்கள் நிற்கின்றன. அங்கேயும் ரயிலுக்குக் கால்வாய்தான் வசதியாக இருந்தது. ஆனால் கருப்பாக இருந்தாலும் தண்ணீர் இன்னும் இருக்கிறது, கரைகளும் இருக்கின்றன. 2011-இல் திறந்த அடையாறு பூங்காவில் குப்பைமேடாகக் கிடந்த முகத்துவாரத்தை மீட்டுக் காட்டியவர்கள் நம்மவர்கள்தான். அதனால் முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.