முப்பது வயதில் சலங்கை கட்டியவர்

நம்ம மதுரையில் 1904-ல் பிறந்தவர் ருக்மிணி தேவி. பதினாறு வயசில் அருண்டேல் என்ற வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்தபோது ஊரே கொதித்தது.

சதிர் என்றாலே அன்று முகம் சுளிப்பார்கள். முப்பது வயசை ஒட்டித்தான் அதைப் படிக்க உட்கார்ந்தார். குரு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1935-ல் அடையாறில் மேடையேறினார். அடுத்த வருஷமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க கலாக்ஷேத்ரா. நாட்டியத்தோடு நிற்கவில்லை. வளாகத்துக்குள்ளேயே கைத்தறி போட்டார், கமலாதேவி சட்டோபாத்யாய் தூண்டுதலில் கலம்காரிக்கும் இயற்கைச் சாயத்துக்கும் கூடம் வைத்தார். கண்டாங்கித் தறி பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். அந்த ஆட்டத்தைக் காலங்காலமாகக் காப்பாற்றிய தேவதாசிப் பெண்களுக்கு இந்த மரியாதை கிடைக்கலையே என்பதுதான் மனசை உறுத்துது.

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தார். வேண்டாம் என்றுவிட்டார். 1986-ல் மறைந்தார்.