கீத் கிரீன்: 28 வருட ஓட்டமும் ஒரு விமானம் தரும் எச்சரிப்பும்



இந்த இதழில் ஒரு தேவ மனிதரின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லும்படி வாஞ்சிக்கிறேன். அவர் பெயர் கீத் கிரீன். 28 வயதிலே ஓட்டத்தை முடித்துவிட்டார். ஆனாலும் அந்தக் கொஞ்ச வருஷத்துக்குள்ளே தேவன் அவரை எடுத்துப் பயன்படுத்தின விதத்தை நினைத்தால் ஆச்சரியமா இருக்கிறது.

1953 அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். யூத வம்சத்தில் வந்த குடும்பம். பிறகு கலிபோர்னியாவில் வளர்ந்தார். சின்ன வயசிலேயே பியானோவும் கிட்டாரும் கைக்கு வந்துவிட்டன. 1965-ல், 11 வயதிலே, டெக்கா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் செய்தது. ஆனா எதிர்பார்த்த பேரும் புகழும் வரவில்லை. வாலிபத்தில் சமாதானத்தைத் தேடி போதை மருந்துகளுக்குள்ளும் பல மார்க்கங்களுக்குள்ளும் அலைந்தார். எதிலும் திருப்தி கிடைக்கவில்லை. 1973 கிறிஸ்துமஸ் நாளில் மெலடி என்ற பெண்ணை மணந்தார். 1975-ல் தம்பதியாக ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள். அல்லேலூயா!

இரட்சிக்கப்பட்டவுடனே அவர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தங்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். போதையில் விழுந்தவர்கள், விபசாரத்திலிருந்து வெளியே வந்தவர்கள், வீடு இல்லாதவர்கள் எல்லாரும் அந்த வீட்டுக்குள் வந்தார்கள். இடம் போதாமல் பக்கத்து வீடுகளையும் எடுத்தார்கள். 1977-ல் கடைசி நாட்கள் ஊழியம் ஆரம்பமானது. 1979-ல் டெக்சஸ் மாநிலத்தில் லிண்டேல் ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கிக் குடிபோனார்கள். எழுப்புதலுக்காகக் கண்ணீரோடு பிரசங்கித்த லியோனார்ட் ரேவன்ஹில் அங்கே அவருக்கு ஆலோசனை சொல்லும் தகப்பனைப் போல இருந்தார்.

அந்தக் காலத்திலே கீத் ஒரு தீர்மானம் எடுத்தார். சுவிசேஷப் பாட்டுக்கு விலை வைக்கக்கூடாது. கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. கம்பெனி ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தார். 1980-ல் வந்த பாட்டுத் தொகுப்புக்காகத் தன் வீட்டையே அடமானம் வைத்தார். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார், முடியாதவர்களுக்கு இலவசமாகவே அனுப்பினார். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு காசும் கொடுக்காமல் பெற்றுக்கொண்டார்கள். மிஷனெரி ஊழியத்துக்கு வாலிபரை அனுப்ப வேண்டும் என்கிற பாரம் கடைசி நாட்களில் அவரை அழுத்திக்கொண்டே இருந்தது.

பிரியமானவர்களே, இப்போது துக்கமான பகுதிக்கு வருகிறேன். 1982 ஜூலை 28. ஒரு குடும்பம் பிள்ளைகளோடு ஊழிய வளாகத்தைப் பார்க்க வந்திருந்தது. வானத்திலிருந்து இடத்தைக் காட்டலாம் என்று எல்லாரும் விமானத்தில் ஏறினார்கள். வாடகைக்கு எடுத்திருந்த செஸ்னா 414, இரண்டு இன்ஜின் உள்ள சின்ன விமானம். ஏழெட்டுப் பேருக்கான அந்த விமானத்தில் பைலட்டோடு சேர்த்து 12 பேர். அநேகர் சிறு பிள்ளைகள். கீத்தோடு அவருடைய 3 வயது மகன் ஜோசையாவும் 2 வயது மகள் பெத்தானியும் இருந்தார்கள். மேலே கிளம்பின கொஞ்ச நேரத்திலே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. மெலடி வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தார். வயிற்றிலும் ஒரு குழந்தை.

விசாரணையில் தெரிந்தது என்னன்னா, விமானத்தில் அளவுக்கு மிஞ்சின பாரம். அந்தப் பாரமும் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாரம் பின்னால் போனால் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், பைலட் கைக்கு விமானம் அடங்காது.

இரண்டு இன்ஜின் இருக்கே, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றுமே என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. ஒரு இன்ஜின் நின்றால் பாதி பலம்தான் போகிறது, ஆனால் மேலே ஏறும் திறன் 80 சதவீதத்துக்கும் அதிகமாகப் போய்விடும். நின்றுபோன பக்கமாக விமானம் திரும்பும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் வால் சுக்கானாலும் அதை நேராகப் பிடிக்க முடியாது, கவிழ்ந்துவிடும். அதனாலேதான் பைலட்டுகள் நின்ற இன்ஜினின் விசிறி இலைகளைக் காற்றை எதிர்க்காதபடி திருப்பிவிடப் பழகுகிறார்கள். கிளம்புமுன்னே ஒவ்வொருவர் எடையையும் கூட்டிப் பார்க்கிறார்கள். பாரம் மிஞ்சிவிட்டால் இரண்டு இன்ஜினும் நன்றாக ஓடினாலும் ஆபத்துதான். டெக்சஸில் நடந்தது அதுதான்.

தேவன் ஏன் தடுக்கவில்லை என்று அநேகர் கேட்கிறார்கள். நித்தியத்தில்தான் அதற்கு முழு பதில் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அபிஷேகம் இருக்கிறது என்பதற்காக விமானத்தின் எடை குறையாது. தேவாலயத்து உப்பரிகையின்மேல் சாத்தான் குதிக்கச் சொன்னபோது நம் ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவை அவர் நம்பாததினாலா? இல்லை, பரீட்சை பார்க்க அவருக்கு மனமில்லை. அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கப்பலில் 276 பேர். ஒருவனும் சாகமாட்டான் என்று தேவதூதன் மூலமாகப் பவுலுக்கு வாக்குத்தத்தம் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் கோதுமையைக் கடலில் எறிந்து கப்பலின் பாரத்தைக் குறைத்தார்கள். வாக்குத்தத்தமும் வேண்டும், பாரத்தை இறக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே தேவனுடைய காரியம்.

ஆகவே கன்வென்ஷனுக்கு வேனில் போகும்போது, ஜெபம் பண்ணிட்டோம், ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒரு சீட்டில் மூன்று பேரை அடைக்காதீர்கள். தூக்கத்தோடு இருக்கிற டிரைவரை ராத்திரியில் ஓட்டச் சொல்லாதீர்கள். இடமில்லை என்று சொல்லுகிற சகோதரனை அவிசுவாசி என்று சொல்லாதீர்கள். நம் பிள்ளைகளும் அதிலேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கீத்தின் ஓட்டம் முடிந்தாலும் ஊழியம் நிற்கவில்லை. 1983-ல் மெலடிக்கு ஒரு மகள் பிறந்தாள். கணவரை இழந்த அந்தச் சகோதரி ஊழியத்தைச் சுமந்தார், ஊர் ஊராக ஞாபகார்த்தக் கூட்டங்கள் நடத்தினார், அநேக வாலிபர் மிஷனெரிகளாகத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். 1989-ல் கணவரின் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார்.

கீத்தைப் போல எல்லாவற்றையும் ஆண்டவருக்குக் கொடுப்போம். அவர் கொடுத்த புத்தியையும் அவருக்கே பயன்படுத்துவோம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.